சட்டசபைக்குப் போன அடிமை

(ஒரு பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சட்டசபை மெம்பர் என்பவர் யார், அவரால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதைப் பற்றி இன்று பேசும்படி எனக்கு உத்தரவாகியிருக்கிறது. சட்டசபை மெம்பர் என்றவுடனே நம் ஜனங்கள் கண்ணுக்குத் தோன்றுவது மாலையும், வரவேற்புப் பத்திரமும், சிபாரிசுக் கடிதமுந்தான். அவைகளைப் பற்றிப் பேச வேறு பிரசங்கிகள் தாராளமாய் இருக்கிறார்கள். நான் ஒரு மனிதருடைய சரித்திரத்தை மாத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். அவர் நம் நாட்டாரல்ல; நம் பாஷைக்காரருமல்ல. அமெரிக்காவில் தென் கரோலினா என்ற மாகாணத்தில் அடிமையாய்ப் பிறந்து, அதே மாகாணத்துச் சட்டசபையில் மெம்பராய் உட்கார்ந்தவர். பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ்.

அமெரிக்கா என்பது பல மாகாணங்கள் சேர்ந்த ஐக்கிய நாடு. மாகாணத்துக்கு மாகாணம் தனிச் சட்டசபை உண்டு. தென் கரோலினா கடலோரத்தில் பருத்தியும் நெல்லும் விளைகிற மாகாணம். 1860-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அங்கேயிருந்த சுமார் 7 லட்சம் பேரில் 4 லட்சத்துச் சொச்சம் பேர் அடிமைகள். அதாவது நூற்றுக்கு 57 பேர். பாதிக்கு மேற்பட்ட ஜனங்களை ஆடு மாடுகளோடு சேர்த்துச் சொத்துப் பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

அந்த மாகாணத்துச் சட்டசபையின் யோக்கியதையைக் கேளுங்கள். 1790-ம் வருஷத்து அரசியல் சட்டப்படி கீழ்ச்சபைக்கு ஒருவன் மெம்பராக வேண்டுமானால் அவனுக்கு 500 ஏக்கர் நிலமும் பத்து நீக்ரோ அடிமைகளும் இருக்கவேண்டும். அல்லது 150 பவுன் பெறுமானமுள்ள பூஸ்திதி இருக்கவேண்டும். அடிமை வைத்திருப்பதே சட்டம் செய்வதற்கு ஒரு தகுதி! பத்து மனிதரை விலைக்கு வாங்கியவன் எவனோ அவனே மனிதருக்கு நீதி சொல்லத் தக்கவன். இப்பேர்ப்பட்ட தகுதியை நிர்ணயித்தவர்கள் காட்டுமிராண்டிகளல்ல. லத்தீன் படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள்.

ராபர்ட் ஸ்மால்ஸ் பிறந்தது 1839 ஏப்ரல் 5-ந் தேதி, பியூபோர்ட் என்ற சிறு துறைமுகப் பட்டணத்தில். தாய் லிடியா, மக்கீ என்ற எஜமானன் வீட்டு வேலைக்காரி. அந்த வீட்டுக்குப் பின்புறத்துக் குடிசையில் பிள்ளை பிறந்தது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். தகப்பன் யாரென்று சட்டம் கேட்பதில்லை. கேட்டால் எத்தனையோ பெரிய மனிதர்கள் வீட்டுச் சங்கதி வெளிவந்துவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு சட்டசபை மண்டபத்திலேயே ஸ்மால்ஸ் இதைக் கிளப்பி எல்லோரையும் முழிக்க வைக்கப்போகிறார்.

அவர் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1834-ல், அந்தச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அடிமைக்கு எழுதவோ படிக்கவோ கற்றுக்கொடுக்கக் கூடாது. வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தால் 100 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். கற்றுக்கொடுப்பவன் தானே அடிமையானால் 50 கசையடி வரை. நம் கௌதம தர்ம சூத்திரம் வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்லுகிறதல்லவா? இரண்டுக்கும் இடையில் எத்தனை ஆயிரம் மைல்! ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவனை அடிமையாய் வைத்திருக்க வேண்டுமானால் முதலில் அவன் கண்ணிலிருந்து எழுத்தை மறைக்கவேண்டும் என்ற புத்தி, எஜமானன் எங்கே இருந்தாலும் தானே உதித்துவிடுகிறது.

இதற்கு மதம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். மதமில்லாமல் இது ஒரு நாள் நடக்குமா? நோவா என்பவர் கானானைச் சபித்தாராம்; கறுப்பர் அந்த வமிசமாம்; ஆகையால் அடிமைத்தனம் ஆண்டவன் இட்டதாம். பவுல் என்பவர் வேலைக்காரர்கள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்று எழுதினாராம். அடிமை வைத்திருப்பவர்களைப் பாதிரி வேலைக்கு அனுப்பலாமா கூடாதா என்று சண்டை வந்து, கூடாதென்ற வடக்கத்தியாரைவிட்டு அனுப்பலாமென்ற தெற்கத்தியார் பிரிந்து, 1845-ல் தெற்கு பாப்டிஸ்ட் சங்கம் என்று தனிக் கடையே வைத்தார்கள். அந்தச் சங்கம் அடிமைத்தனத்தை ஆதரித்தது பிசகென்று மன்னிப்புக் கேட்டது 1995-ல். ஒரு மன்னிப்புக்கு 150 வருஷம்! ஆண்டவனுக்கு அவசரமில்லை போலும்.

(ஸ்மால்ஸ் நாத்திகரல்ல. அவரும் பாப்டிஸ்ட் கோயிலுக்குப் போனவர்தான். அந்தக் கோயில் தோட்டத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். மறைப்பதற்காக நான் இங்கே வரவில்லை. ஆனால் அவர் விடுதலை கோயிலிலிருந்து வரவில்லை, கப்பலிலிருந்து வந்தது.)

பன்னிரண்டாவது வயதில் அவரை எஜமானன் சார்லஸ்டன் பட்டணத்துக்குக் கூலிக்கு அனுப்பினான். வேலை பையனுக்கு, கூலி எஜமானனுக்கு. ஓட்டலில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், கப்பலில் பாய் கட்டினார், கடைசியில் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் கரையில் மணல்மேடு எங்கே, ஆழம் எங்கே என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் கப்பலை வழிநடத்துகிறவனுக்கு வெள்ளையரில் "பைலட்" என்று பட்டம். கறுப்பன் அதே வேலையைச் செய்தால் "சக்கரம் பிடிப்பவன்" என்று பெயர். வேலை வாங்கலாம், பட்டம் கொடுக்கக்கூடாது. இது நமக்குப் புதிதா? தெருவுக்குத் தெரு பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

கலியாணம் செய்துகொண்டார். ஹன்னா என்ற அந்தப் பெண்ணும் அடிமை, வேறொருவன் சொத்து. ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதுவும் அவன் சொத்து. தன் பெண்சாதியையும் பிள்ளையையும் தானே விலைக்கு வாங்க ஸ்மால்ஸ் பேரம் பேசினார். விலை 800 டாலர். மாதம் 15 டாலர் தன் எஜமானனுக்குக் கட்டிவிட்டு மிச்சம் கிடைக்கிற சில்லறையில் 800 டாலர் சேர்க்கவேண்டும். பெண்சாதிக்கு நகை வாங்கக் காசு சேர்ப்பவரைப் பார்த்திருக்கிறோம். பெண்சாதியையே வாங்கக் காசு சேர்த்தவரைப் பார்த்ததுண்டா?

இந்தச் சமயத்தில் யுத்தம் வந்தது. அடிமைத்தனத்தை விடமாட்டோமென்று ஐக்கிய நாட்டிலிருந்து முதன்முதலாக 1860 டிசம்பரில் பிரிந்தது இந்தத் தென் கரோலினாதான். மறு வருஷம் ஏப்ரலில் முதல் குண்டு வெடித்ததும் சார்லஸ்டன் துறைமுகத்தில்தான். பிளான்டர் என்ற பருத்திக் கப்பலைப் பிரிவினைக்காரர்கள் பீரங்கி வைத்துப் போர்ச் சாமான் ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். அதில் ஸ்மால்ஸ் சுக்கான் பிடித்தார்.

1862 மே 12-ந் தேதி இரவு கப்பலின் வெள்ளை அதிகாரிகள் கரையில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். கறுப்பர்கள் தனியாயிருந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவேயில்லை. இவர்களுக்கு மூளை ஏது, தைரியம் ஏது என்பது அவர்கள் வேதம். தங்கள் பொய்யைத் தாங்களே நம்பினதால் கெட்டார்கள். 13-ந் தேதி விடியற்காலம் மூன்று மணிக்கு ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பினார். அடுத்த துறையில் மறைந்திருந்த தன் மனைவி மக்களையும் மற்றவர்கள் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். மொத்தம் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக 16 பேர். கேப்டனுடைய வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கேப்டன் நிற்பதுபோலவே நின்று, கோட்டை கோட்டையாகச் சங்கேத ஊதல் கொடுத்துத் தாண்டினார். கடைசியில் சம்டர் கோட்டை. அங்கே ஒரு சந்தேகம் எழுந்தாலும் 16 உயிரும் தண்ணீரில். பொழுது வெளுக்கும் நேரம். ஊதல் கொடுத்தார். போகலாமென்று உத்தரவு வந்தது. பீரங்கிக் குண்டு எட்டாத தூரம் போனபின் பிரிவினைக் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றி, வடக்கத்தியார் போர்க்கப்பலிடம் கப்பலையும் பீரங்கிகளையும் ஒப்படைத்தார். வயது 23. ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது.

இதற்கு அவருக்கு 1500 டாலர் வெகுமதி கிடைத்தது. அந்த ஆகஸ்டிலேயே வாஷிங்டனுக்குப் போய்ப் போர் மந்திரி ஸ்டான்டனைக் கண்டார். கறுப்பர் 5000 பேரைச் சிப்பாய்களாகச் சேர்த்துக்கொள்ள உத்தரவு பிறந்தது. 1863 டிசம்பரில் குண்டு மழையில் அதே பிளான்டர் கப்பலின் வெள்ளைக் கேப்டன் நிலக்கரி அறைக்குள் போய் ஒளிந்துகொள்ள, ஸ்மால்ஸ் கப்பலைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். அதன்மேல் அவரே கேப்டனானார்.

ஆனால் 1864-ல் பிலடெல்பியா பட்டணத்தில், கப்பலை மராமத்துக்கு விட்டுவிட்டு டிராம் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, கறுப்பன் உள்ளே உட்காரக்கூடாது, வெளிப்படியில் நில் என்றார்கள். அது அடிமைத்தனத்தை ஒழிக்கப் போராடிய வடக்கு! அவர் நிற்கமாட்டேனென்று இறங்கி நடந்தார். யுத்த வீரனையே இறக்கிவிட்டார்களே என்று கிளர்ச்சி வலுத்து, 1867-ல் அந்த மாகாணத்தில் டிராம் வண்டியில் நிற வித்தியாசம் பார்க்கக்கூடாதென்று சட்டம் வந்தது. அந்த மராமத்துக் காலத்தில்தான் வாத்தியார் வைத்துக்கொண்டு எழுதப் படிக்கக் கற்றார். வயது 25. இங்கே முதியோர் பள்ளிக்கு வரக் கூச்சப்படுகிற தோழர்கள் யாராவது இருந்தால் கவனிக்கவும்.

இனிமேல்தான் சட்டசபைக் கதை. யுத்தம் முடிந்தது, அடிமைத்தனம் சட்டத்தில் ஒழிந்தது, 1867-ல் தெற்கில் கறுப்பருக்கு ஓட்டு வந்தது. 1868 ஜனவரியில் தென் கரோலினாவுக்குப் புது அரசியல் சட்டம் செய்யச் சார்லஸ்டனில் ஒரு சபை கூடியது. அதில் பாதிக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் கறுப்பர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பட்டணத்திலிருந்து இருட்டில் தப்பி ஓடினாரோ, அதே பட்டணத்துக்கு ஸ்மால்ஸ் பகலில், பியூபோர்ட் ஜனங்களின் பிரதிநிதியாக வந்து உட்கார்ந்தார்.

அங்கே அவர் கேட்டதென்ன? பழைய எஜமானர்களைக் கட்டி வைத்து அடிக்கச் சொல்லிக் கேட்டாரா? அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்புக் கூடாதென்றாரா? எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் சம்பளமில்லாத பொதுப் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும். ஏழு வயது முதல் பதினாலு வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் வருஷத்தில் ஆறு மாதமாவது படித்தே தீரவேண்டும். அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் போடவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். புது அரசியல் சட்டத்தில் இனமோ நிறமோ பாராமல் எல்லோருக்கும் திறந்த இலவசப் பள்ளிக்கூடம் என்ற விதி ஏறியது. அதற்கு முன்னால் அம்மாகாணத்தில் ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கு இருந்ததும் ஒரு தர்மப் பள்ளிக்கூடந்தான். நிலமில்லாத வெள்ளைக்காரனுக்குப் பள்ளிக்கூடத்தை உரிமையாய் வாங்கிக் கொடுத்தவர்கள், நேற்றுவரை அவன் காலால் உதைத்த கறுப்பர்கள்!

அதே வருஷம் ஸ்மால்ஸ் மாகாணக் கீழ்ச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் கறுப்பர்களே பெரும்பான்மை. ஐக்கிய நாடு முழுவதிலும் அப்படியொரு சபை வேறில்லை. 1870-ல் ஜானதன் ரைட் என்ற கறுப்பர் மாகாண உயர்நீதிமன்ற நீதிபதியாகப் போகவே, அவர் காலி செய்த மேல்சபை ஸ்தானத்துக்கு ஸ்மால்ஸ் வந்தார். அங்கே நாலு வருஷம் இருந்தார்.

அந்தச் சட்டசபைகள் செய்தவற்றில் ஒன்றிரண்டு சொல்லுகிறேன். கலியாணமான பெண்ணின் சொத்து அவளுக்கே சொந்தம், புருஷன் கடனுக்குப் போகாது என்று 1868 சட்டத்தில் எழுதினார்கள். 1872-ல் விவாகரத்துச் சட்டம் செய்தார்கள். அந்த மாகாணத்தில் அதற்கு முன் பொதுவான விவாகரத்துச் சட்டமே கிடையாது. தாய்மார்கள் இதைக் கேட்கவேண்டும். பழைய எஜமானர்கள் திரும்பவும் அதிகாரத்துக்கு வந்தவுடன், 1878-ல், அதை ரத்து செய்தார்கள். பிறகு 1949 வரைக்கும் அங்கே ஒரு பெண் எத்தனை கொடியவனிடம் அகப்பட்டாலும் அவனை விட்டு விலகச் சட்டத்தில் வழியில்லை. நிறத்தின் பேரால் மனிதனை அடக்குகிறவன் வீட்டில் பெண்ணுக்குச் சுதந்தரம் கொடுத்து வைப்பான் என்று யாராவது நினைத்தால் இந்த வருஷக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். குடியானவர்களுக்கு நிலம் வாங்கித் தவணையில் விற்க ஒரு நிலக் கமிஷனும் 1869-ல் ஏற்பட்டது. அதில் ஊழலும் நடந்தது, நிலமும் கிடைத்தது.

ஸ்மால்ஸ் சட்டசபையில் இருந்த அதே 1873-ல்தான் மராட்டிய தேசத்தில் ஜோதிராவ் பூலே, "குலாம்கிரி" என்ற புஸ்தகத்தை எழுதி, அடிமைகளை விடுவித்த அமெரிக்க நல்ல ஜனங்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். நம் நாட்டுச் சூத்திரனையும் பஞ்சமனையும் விடுவிக்க நம்மவர்கள் அதைப் பார்த்துக் கற்கவேண்டுமென்பது அவர் விருப்பம். கப்பல் ஏறாமலே பூனாவிலிருந்து அவ்வளவு தூரம் பார்த்தார் அவர்!

ஸ்மால்ஸ் பியூபோர்ட்டில் குடியிருந்தது எந்த வீட்டில் தெரியுமா? தன்னைப் பெற்ற தாய் வேலை செய்த மக்கீ வீட்டில். வரி கட்டாததால் அது ஏலத்துக்கு வந்தபோது வாங்கிவிட்டார். முன் சொந்தக்காரர் வழக்குப் போட்டு ஐக்கிய நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1878-ல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பாயிற்று. புத்தி தடுமாறிய பழைய எஜமானியம்மாள் ஒரு நாள் தன் வீடென்றே நினைத்து உள்ளே வர, ஸ்மால்ஸ் அந்தக் கிழவியை அங்கேயே வைத்துப் பராமரித்தார் என்று அந்த ஊரில் சொல்லிக்கொள்வதுண்டு.

இங்கே ஒருவர் எழுந்து, "அந்த ஆள் லஞ்சம் வாங்கித் தண்டிக்கப்பட்டவனல்லவா?" என்று கேட்கலாம். கேட்கட்டும்; நானே சொல்லிவிடுகிறேன். மேல்சபையில் அச்சுக் கமிட்டிக்குத் தலைவராயிருந்தபோது அச்சு கண்டிராக்டில் 5000 டாலர் வாங்கினாரென்று 1877-ல் வழக்குப் போட்டு, மூன்று வருஷக் கடின காவல் விதித்தார்கள். வழக்குப் போட்டது யார்? முந்திய வருஷம் சிவப்புச் சட்டைப் படையை ஊர் ஊராய் அனுப்பிக் கறுப்பு வாக்காளரை மிரட்டியும் சுட்டும் அதிகாரத்தைப் பிடித்தவர்கள். முக்கிய சாட்சி யார்? அந்த அச்சுக் கம்பெனியையே நடத்தியவன். தானே கொள்ளையில் பங்காளி. முடிவு என்ன? எலெக்ஷன் அக்கிரமத்துக்காக வெள்ளையர் பேரில் இருந்த வழக்குகளை ஐக்கிய சர்க்கார் கைவிட, 1879-ல் மாகாண கவர்னர் ஸ்மால்ஸை மன்னித்துவிட்டார். கொடுக்கல் வாங்கல் சந்தையில் மாடு மாற்றுவது போல நடந்தது. அவர் வாங்கினார், வாங்கவில்லை என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. இந்த வியாபாரத்தைப் பார்த்தபின் அந்தத் தீர்ப்பை நீதி என்று நம்பச் சொன்னால் நம்ப முடியாது.

தண்டனை விதித்த பின்னும் பியூபோர்ட் ஜனங்கள் அவரைக் கைவிடவில்லை. 1875-லிருந்து 1887-க்குள் ஐந்து தடவை அவரை வாஷிங்டன் காங்கிரசுக்கு அனுப்பினார்கள், நடுவில் தோல்விகளும் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐக்கிய நாட்டுப் பட்டாளத்தில் நிற வித்தியாசம் கூடாதென்று 1876-ல் திருத்தம் கொண்டுவந்தார், எடுபடவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கிய சங்கதிக்கு வருகிறேன். அது பரீட்சை.

துப்பாக்கியால் அதிகாரத்தைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் சட்டத்தில் ஓட்டு இருக்கிறது. நிறத்தைச் சொல்லி ஓட்டைப் பிடுங்கக்கூடாதென்று 1870-லேயே ஐக்கிய அரசியல் சட்டத்தில் பதினைந்தாவது திருத்தம் வந்துவிட்டது. என்ன செய்வது? நிறத்தைச் சொல்லாமல் பிடுங்க வழி தேடினார்கள். முதலில் 1882-ல் எட்டுப் பெட்டிச் சட்டம் செய்தார்கள். ஒவ்வொரு உத்தியோகத்துக்கும் ஒரு பெட்டி. கவர்னர் சீட்டைக் கவர்னர் பெட்டியிலேயே போடவேண்டும். மாற்றிப் போட்டால் செல்லாது. பெட்டியின்மேல் பெயர் எழுதியிருக்கும், வாசிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் போடலாமென்றால் இடையிடையே பெட்டிகளை மாற்றி வைத்துவிடுவார்கள். வெள்ளைக்காரத் தற்குறிக்கு மாத்திரம் அதிகாரி பெட்டியைக் காட்டுவான்.

இதுவும் போதாதென்று 1895-ல் பழைய அரசியல் சட்டத்தையே தூக்கியெறிந்து புதிது செய்யக் கொலம்பியா நகரில் சபை கூட்டினார்கள். இதற்குச் சூத்திரதாரி பென் டில்மன். 1876-ல் ஹாம்பர்க் என்ற ஊரில் கறுப்பரைக் கொன்ற கூட்டத்தில் தானும் இருந்ததைப் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டவர். கறுப்பரைச் சுட்டோம், பெட்டியில் கள்ள ஓட்டு நிரப்பினோம், அதற்கு வெட்கப்படவில்லை என்று பிற்பாடு 1900-ல் ஐக்கிய நாட்டுச் செனட் சபையிலேயே பேசியவர். அந்த 1895-ம் வருஷத்துச் சபையில் 160 பிரதிநிதிகள். கறுப்பர் ஆறே பேர்; அவர்களில் ஐந்து பேர் பியூபோர்ட்டிலிருந்து வந்தவர்கள். 56 வயது ஸ்மால்ஸ் அதில் ஒருவர். 1868-ல் சட்டம் செய்த கையால் 1895-ல் அது கொலையாவதைத் தடுக்க வந்து நின்றார்.

புது ஏற்பாடு என்னவென்றால், ஓட்டராகப் பதிய வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் ஏதாவதொரு பகுதியை வாசித்துக் காட்டவேண்டும். அல்லது அதிகாரி வாசிக்கக் கேட்டு அதன் பொருளை விளக்கவேண்டும். 1898-க்குப் பிறகு பதிபவன் எழுதப் படிக்கத் தெரிந்தவனாயிருக்கவேண்டும், அல்லது 300 டாலர் சொத்துக்கு வரி கட்டியவனாயிருக்கவேண்டும். இதில் நிறம் என்ற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது! படித்தவனுக்கு ஓட்டு, படிக்காதவனுக்கு இல்லை. தகுதி, திறமை!

தோழர்களே! பரீட்சை என்று ஒருவன் சொன்னால் கேள்வித்தாளைப் பார்க்காதீர்கள். அதைத் திருத்துகிறவன் யாரென்று பாருங்கள். அதிகாரி வெள்ளைக்காரன். வெள்ளைக்காரத் தற்குறி வந்து நின்றால், அவனுக்கு ஒரு வரியை வாசித்துக் காட்டி, "புரிந்ததா?" என்பான். "புரிந்தது" என்றால் தேறிவிட்டான். கறுப்புப் பள்ளிக்கூட வாத்தியார் வந்து நின்றால் அவர் எத்தனை சொன்னாலும், "எனக்குத் திருப்தியில்லை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடலாம்.

இதைவிடக் கேவலம் ஒன்று. எழுத்து வாசனை காட்டினால் கசையடி என்று 1834-ல் சட்டம் போட்டவர்களின் வமிசம், 1895-ல் உனக்கு எழுத்து வாசனையில்லையே, ஆகையால் ஓட்டில்லை என்கிறது! படிப்பைத் திருடியவனே, படிப்பில்லை என்று குற்றம் சாட்டுகிறான். அதோடு நின்றார்களா? வெள்ளைப் பிள்ளைக்கும் கறுப்புப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் தனித்தனியாகவே இருக்கவேண்டுமென்று அதே அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். வரும் தலைமுறையும் தேறாமல் பார்த்துக்கொள்ள இது முன்யோசனை.

குற்றம் செய்தவனுக்கு ஓட்டில்லை என்றும் ஒரு பட்டியல் போட்டார்கள். திருட்டு, வீடு புகுதல், கொளுத்துதல், பெண்சாதியை அடித்தல், விபசாரம், எல்லாம் அதிலே உண்டு. கொலை இல்லை! அந்தச் சபையில் எத்தனை பேருக்கு ஓட்டுப் போய்விடுமோ என்ற கவலையாயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்மால்ஸ் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கணக்கைக் கேட்டார். யுத்தத்துக்குப் பின் தெற்கில் 53,000 கறுப்பர் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று அந்தச் சபையில் எழுந்து சொன்னார். எங்களுக்குச் சலுகை வேண்டாம், எல்லோருக்கும் ஒரே மாதிரி நியாயமான பரீட்சை வையுங்கள், வாழ்க்கைப் போரில் சமமாக நிற்க இடம் விட்டால் போதும் என்று வாதாடினார்.

இரண்டாவதுதான் ருசியானது. வெள்ளையரும் கறுப்பரும் கலியாணம் செய்துகொள்ளக்கூடாதென்று ஒரு விதி வந்தது. இனத் தூய்மையாம்! ஸ்மால்ஸ் எழுந்து, நல்லது, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு திருத்தம் கொடுத்தார். கறுப்புப் பெண்ணோடு கள்ளத்தனமாய்க் கூடி வாழ்கிற வெள்ளைக்காரன் எவனும் எந்தச் சர்க்கார் பதவியும் வகிக்கக்கூடாது. அதில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பெயரும் சொத்தும் உண்டு. அவ்வளவுதான்! சபையில் இனத் தூய்மை பேசிய கனவான்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். தோற்கடித்ததிலேயே அவர்கள் தூய்மை என்னவென்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. நம் ஊரில் வர்ணக் கலப்பு ஆகாதென்று சாஸ்திரம் பேசிக்கொண்டே, பொட்டுக் கட்டிய பெண்கள் வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றிய பெரிய மனிதர்களை யாராவது சட்டசபையில் இப்படி ஒரு திருத்தத்தால் கேட்டிருந்தால் எப்படியிருந்திருக்கும்!

கடைசியில் புதுச் சட்டம் நிறைவேறியது. பிரதிநிதிகள் கையெழுத்திட வேண்டும். ஸ்மால்ஸ் மறுத்தார். கையெழுத்திடாவிட்டால் ஊருக்குத் திரும்பப் பிரயாணப்படி கிடையாது என்று மிரட்டினார்கள். கையெழுத்திடுவதைவிடப் பியூபோர்ட்டுக்கு நடந்தே போவேன் என்றார். 25 வயதில் எழுதக் கற்றுக்கொண்ட கையெழுத்து அது. அதன் விலை அவருக்குத் தெரியும்.

அதற்குப்பின் சட்டசபை வாசம் அவருக்கில்லை. பியூபோர்ட் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக, இடையில் சில வருஷம் நீங்கலாக, ஏறக்குறைய இருபது வருஷம் வேலை பார்த்தார். 1915 பிப்ரவரி 23-ந் தேதி, தாய் அடிமையாயிருந்த அதே வீட்டில் இறந்தார்.

அந்த மாதத்தில் இன்னொரு சங்கதி நடந்தது. "ஒரு தேசத்தின் பிறப்பு" என்று ஒரு பேசாத சினிமாப் படம் 1915 பிப்ரவரி 8-ந் தேதி அமெரிக்காவில் வெளிவந்தது. 18-ந் தேதி ஜனாதிபதி வில்சனுக்கு வெள்ளை மாளிகையிலேயே போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு காட்சி, 1871-ம் வருஷத்துத் தென் கரோலினாச் சட்டசபை. கறுப்பு மெம்பர்கள் மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஒருவன் கோழிக்கால் கடிக்கிறான். ஒருவன் சாராயம் குடிக்கிறான். இலவசப் பள்ளிக்கூடம் கொண்டுவந்த சபையை இப்படிக் காட்டினார்கள். ஸ்மால்ஸ் இறந்தது அந்த வெள்ளை மாளிகைக் காட்சிக்கு ஐந்தாம் நாள். கோடிக்கணக்கான ஜனங்கள் அந்தப் படத்தைத்தான் சரித்திரம் என்று நம்பினார்கள். பள்ளிப் புஸ்தகங்களும் அதையே பாடின. டுபாய்ஸ் என்ற கறுப்பு அறிஞர் 1935-ல் பெரிய புஸ்தகம் எழுதி ஒவ்வொரு புரட்டாக உடைக்க வேண்டியதாயிற்று. நம் அம்பேத்கர் 1946-ல் கடிதம் எழுதினாரே, அந்த டுபாய்ஸ்தான்.

அந்தப் பரீட்சைச் சட்டம் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 1868-ல் கறுப்பர்களே பெரும்பான்மையாயிருந்த அந்தத் தென் கரோலினாச் சட்டசபையில் கடைசிக் கறுப்பு மெம்பர் இருந்தது 1902-ல். இப்படிப்பட்ட பரீட்சைகளை ஐக்கிய சர்க்கார் 1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் போட்டு நிறுத்தியது. அடுத்த கறுப்பர்கள், மூன்று பேர், தேர்ந்தெடுக்கப்பட்டது 1970-ல். நடுவில் 68 வருஷம். ஐக்கிய நாட்டுக் கடற்படையில் பிரிவினைக்காரர் ஜெயித்த ஒரு சண்டையின் பெயரைத் தாங்கி ஒரு போர்க்கப்பல் இருந்தது. 2023-ல் அந்தப் பெயரை அழித்து "ராபர்ட் ஸ்மால்ஸ்" என்று எழுதினார்கள்.

அடுத்துப் பேசவேண்டிய தோழர் காத்திருக்கிறார்.